வீடு: கட்டுவதா, வாங்குவதா?
(குடும்பமாக இருந்து படித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார்" என்பது எமது முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. ஒரே ஊரில் பிறந்து, வளர்ந்து, உற்றார் உறவினர் சூழ வாழ்ந்தவர்களே வீடு கட்டும்போது திணறிப்போனார்கள் என்பதையே இது காட்டுகின்றது. அப்படியானால் 1990 ஆனியில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள், அதே ஆண்டு ஐப்பசியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், 1995 ஐப்பசி 30 இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக ஓடியவர்கள் ஆகியோருக்கு இந்தப் பாரம் எவ்வளவு பெரிதாயிருக்கும்? ஒரு முறை அல்ல, மூன்று நான்கு முறை கொட்டில் போட்டுக் கழற்றிய குடும்பங்கள் எம்மிடையே உண்டு.

இன்று இக்குடும்பங்கள் பலவற்றின் முன்னே ஒரு கேள்வி நிற்கின்றது. கையில் கொஞ்சப் பணம் இருக்கின்றது. வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பியதாக இருக்கலாம், நகை விற்றதாக இருக்கலாம், இரண்டு போகம் நன்றாக விளைந்ததாக இருக்கலாம். இந்தப் பணத்தில் ஒரு வீட்டைக் கட்டுவதா? அல்லது கட்டி முடித்த ஒரு வீட்டை வளவோடு வாங்குவதா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. ஆனால் பதிலைக் காண்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கையே இப்பாடத்தில் பார்க்கப் போகின்றோம்.

1. முதலில் கேட்க வேண்டிய கேள்வி

வீட்டைப் பற்றிப் பேசுமுன் ஊரைப் பற்றிப் பேச வேண்டும். "நாங்கள் இனி எங்கே இருக்கப் போகின்றோம்?" என்பதைக் குடும்பத்தில் உள்ள எல்லோரும் இருந்து தீர்மானிக்க வேண்டும்.

கமக்காரருக்கு வீடு என்பது படுத்து எழும்பும் இடம் மட்டுமல்ல. நெல் மூடை அடுக்க இடம் வேண்டும். மாடு கட்ட, உரம் குவிக்க, உழவு இயந்திரம் விட இடம் வேண்டும். வயலுக்கும் தோட்டத்துக்கும் விடியற்காலையில் நடந்து அல்லது சைக்கிளில் போகக்கூடிய தூரமாக இருக்க வேண்டும். பட்டணத்து ஓரத்தில் இரண்டு பரப்பு வளவில் நல்ல வீடு ஒன்று கிடைத்தாலும், வயல் எட்டு மைலுக்கு அப்பால் இருந்தால், அந்தக் குடும்பம் சில வருடங்களில் விவசாயத்தைக் கைவிட்டுக் கூலி வேலைக்குப் போக நேரிடும். வீட்டை வாங்கித் தொழிலை இழப்பது நல்ல வியாபாரம் அல்ல.

அடுத்தது, சொந்த ஊர்க் காணியின் நிலை. பாதுகாப்பு வலயங்களுக்குள் இருந்த காணிகளில் ஒரு பகுதி போருக்குப் பின்னர் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டது. உங்கள் காணி விடுபட்டால் அங்கே போவீர்களா? வயது சென்றவர்கள் "போவோம்" என்பார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். இருவரும் சொல்வது நியாயமே. திரும்பிப் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால், இருக்கிற பணம் முழுவதையும் இங்கே ஒரு வீட்டில் முடக்குவது சரியல்ல. சிறிய, குறைந்த செலவுள்ள வீடு ஒன்றை இங்கே போட்டுவிட்டு மீதியை வைத்திருக்கலாம். திரும்புவதில்லை என்று முடிவானால் இங்கே நிலைத்த வீட்டுக்கு வழி பார்க்கலாம். எந்த முடிவானாலும் சொந்த ஊர்க் காணியின் உறுதியைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வீட்டுத் திட்டங்களில் பொதுவாக வேறு வீடு இல்லாதவர்களையே பயனாளிகளாகத் தெரிவு செய்வார்கள். இங்கே ஒரு வீட்டை வாங்கினால், ஊரில் வீடு கட்டக் கிடைக்கக்கூடிய உதவி கிடையாமற் போகலாம். வாங்குமுன் பிரதேச செயலகத்தில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. காணி யாருடையது?

கட்டுவதானாலும் வாங்குவதானாலும் சுவரைப் பார்க்குமுன் காணியின் உரித்தைப் பாருங்கள். சுவர் வெடித்தால் பூசலாம். உரித்தில் வெடிப்பு இருந்தால் அதை மேசனால் பூச முடியாது.

காணிகளைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம்.

அ) உறுதிக் காணி: தனியாருக்குச் சொந்தமானது. இதை விற்கலாம், வாங்கலாம். ஆனால் 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதி இருந்தால் மட்டுமே அந்த விற்பனை செல்லும். முற்பணம் கொடுத்துச் செய்யும் விற்பனை உடன்படிக்கையும் அப்படியே. ஒரு கொப்பித் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு முற்பணம் கொடுப்பவர், காணி தரும்படி நீதிமன்றத்தில் கேட்க முடியாமற் போய்விடும்.

ஆ) அரச காணி: 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் (நாம் "பெர்மிற்" என்று சொல்வது) அல்லது அளிப்புப் பத்திரம் மூலம் வழங்கப்பட்டது. வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலான வயலும் மேட்டுக் காணியும் இவ்வகையைச் சேர்ந்தவை. பெர்மிற் காணியை வைத்திருப்பவர் தன்னிச்சையாக விற்க முடியாது. அளிப்புக் காணியைக் கைமாற்றவும் பிரதேச செயலாளரின் முற்சம்மதம் எழுத்தில் வேண்டும். "வெள்ளைத் தாளில் எழுதித் தாறன், பிறகு பேரை மாற்றலாம்" என்று சொல்லி விற்கப்படும் பெர்மிற் காணியில் உள்ள வீட்டுக்குப் பணம் கொடுப்பவர் உண்மையில் எதையும் வாங்கவில்லை. பின்னொரு நாள் பெர்மிற்காரரின் பின்னுரித்தாளி வந்து எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டியதுதான்.

இதற்கு மாறாக, உங்கள் பேரிலேயே பெர்மிற் இருக்குமானால் அந்தக் காணியில் வீடு கட்டுவதே பெரும்பாலும் சிறந்த வழி. காணிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பின்னுரித்தாளியின் பெயரைப் பதிந்துவிடுங்கள். முன்பு பின்னுரித்தாளி பதியப்படாவிட்டால் ஆண் பிள்ளைக்கே முதலிடம் கொடுக்கும் ஒழுங்கு இருந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது.

3. உறுதிக் காணியோடு வீடு வாங்குவோர் பார்க்க வேண்டியவை

(i) தோம்பு: காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டைப் பாருங்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, ஈடு வைக்கப்பட்டுள்ளதா, ஒற்றி உள்ளதா, வழக்குப் பதிவு உள்ளதா என்பன அதில் தெரியும். விற்பவர் காட்டும் போட்டோப் பிரதியை மட்டும் நம்ப வேண்டாம்.

(ii) உறுதி தொலைந்திருந்தால்: போரில் எத்தனையோ குடும்பங்களின் உறுதிகள் அழிந்தன. இதனால் மட்டும் உரித்து அழிவதில்லை. நொத்தாரிசு எழுதிய உறுதியின் ஒரு பிரதி அவரிடமும், இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்திலும் இருக்க வேண்டும். அவை தப்பியிருந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். "உறுதி செல்லடியில் போய்விட்டது" என்று சொல்பவரிடம் அந்தப் பிரதியை எடுத்துத் தரும்படி கேளுங்கள். எடுக்கும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.

(iii) தேசவழமை: வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தும். கலியாணத்துக்குப் பின் தேடிய தேட்டத்தில் கணவன் மனைவி இருவருக்கும் பங்கு உண்டு. கணவன் இறந்திருந்தால், விதவையான தாய் தனித்துக் கையெழுத்து வைத்து முழு வளவையும் விற்க முடியாது. பிள்ளைகளின் பங்கும் உண்டு. சீதனக் காணியானால் அது பெண்ணுடையது. ஆனால் அதை விற்கும்போது கணவனின் எழுத்துச் சம்மதம் கேட்கப்படும் (1911 ஆம் ஆண்டுச் சட்டம்). இவை தவிர முன்விற்பனை உரிமை என்று ஒன்று உண்டு. 1947 ஆம் ஆண்டின் சட்டப்படி கூட்டுப் பங்காளருக்கும், உரித்தாளராக வரக்கூடியவருக்கும் முதலில் அறிவித்தல் கொடுத்த பின்னரே பிறத்தியாருக்கு விற்க வேண்டும். அறிவித்தல் கொடுக்காமல் வாங்கிய காணியின் மேல் பின்னர் வழக்கு வரலாம்.

(iv) அற்றோணித் தத்துவம்: சொந்தக்காரர் கனடாவில், இலண்டனில் இருக்க, இங்கே ஒருவர் அற்றோணித் தத்துவத்தைக் காட்டி விற்க வருவது இன்று சாதாரணம். அந்தப் பத்திரம் பதியப்பட்டதா, விற்கும் அதிகாரம் அதில் எழுதப்பட்டுள்ளதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கின்றாரா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் இறந்துவிடும். சொந்தக்காரரோடு நேரில் தொலைபேசியில், முடிந்தால் முகம் பார்த்துக் கதையுங்கள்.

(v) எல்லை: பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்பது எமக்குத் தெரிந்த கணக்கு. உறுதியில் நான்கு பரப்பு என்று இருக்கும். வேலிக்குள் அளந்தால் மூன்றேகால் இருக்கும். இடம்பெயர்ந்த காலத்தில் வேலிகள் நகர்ந்தன, எல்லைக் கற்கள் காணாமற் போயின. நில அளவையாளரைக் கொண்டு அளந்து படம் எடுங்கள். கிணற்றில் உங்களுக்கு எத்தனை பங்கு, வாய்க்கால் வழி, ஒழுங்கை வழி யாருடையது என்பவையும் உறுதியில் எழுதப்பட வேண்டும்.

(vi) பதிவு: உறுதி எழுதிய கையோடு பதிவு செய்யுங்கள். ஒரே காணியை இருவருக்கு விற்றால், பொதுவாக முந்திப் பதிந்த உறுதிக்கே முதன்மை.

இங்கே மனச்சாட்சியோடு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மலிவாக விற்கப்படும் வீடுகளில் சில, வேறொரு இடம்பெயர்ந்த குடும்பத்தின் வீடுகள். சொந்தக்காரர் முகாமிலோ, புத்தளத்திலோ, வெளிநாட்டிலோ இருக்க, இங்கே குடியிருப்பவர் "பத்து வருசத்துக்கு மேலாக நான்தான் இருக்கிறன், இது எனக்குரியது" என்று சொல்லி விற்பார். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் பத்து வருட ஆட்சியைப் பற்றிப் பேசுவது உண்மையே. ஆனால் எந்தக் குடியிருப்பும் தானாக உரித்தாகிவிடாது. அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் வழக்குத் தொடர முடியாதிருந்த சொந்தக்காரருக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாட்டையும் செய்தது. சட்டம் ஒருபுறமிருக்க, வீட்டை இழந்ததன் வேதனை எங்களுக்குத் தெரியும். அதே வேதனையை இன்னொருவருக்குக் கொடுத்து ஒரு கூரையின் கீழ் நிம்மதியாகத் தூங்க முடியுமா? சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து அவரிடமே வாங்குவோம். முடியாவிட்டால் அந்த வீட்டை விட்டுவிடுவோம்.

4. பழைய வீட்டைப் பரிசோதித்தல்

உரித்து நல்லதென்று கண்ட பின்னரே வீட்டைப் பாருங்கள். நம்பிக்கையான ஒரு மேசனையும் ஒரு தச்சரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் ஒரு நாட் கூலி வீண் போகாது.

கூரை: ஓட்டுக்குக் கீழே ஏறிப் பாருங்கள். தீராந்தி, வளை, கைமரம், சலாகை ஆகியவற்றைக் கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். கறையான் தின்ற மரம் மேலே வண்ணம் பூசியிருந்தாலும் உள்ளே கோதாக இருக்கும்.

சுவர்: பூச்சில் தோன்றும் மயிரிழை வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம். நிலை, சன்னல் மூலையிலிருந்து அத்திவாரம் வரை சரிந்து இறங்கும் வெடிப்புக்குப் பயப்பட வேண்டும். குண்டுச் சத்தத்தில் அதிர்ந்த வீடுகளில் தூக்குநூல் பிடித்துச் சுவர் நேரா என்று பாருங்கள். கடற்கரை ஊர்களில் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி கறள் பிடித்துப் பொருக்கு விழுகிறதா என்றும் கவனியுங்கள்.

தண்ணீர்: மாரியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். ஆவணி, புரட்டாதியில் போய் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் நிலத்தில் மலசலகூடக் குழியின் அழுக்கு வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு விரைவாக வரும். உரம் மிகுதியாகப் போடும் தோட்டப் பகுதிகளில் நைத்திரேற்றும் சேரும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பது அடியாவது இருக்க வேண்டும். கல் நிலத்தில் அதற்கு மேலும் வேண்டும். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

வெள்ளம்: 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் எந்த வீட்டுக்குள் ஏறியது என்று அயலாரிடம் கேளுங்கள். அயலவரின் சுவரிலுள்ள தண்ணீர் அடையாளம் பொய் சொல்லாது. குளக்கட்டின் கீழும் வாய்க்கால் ஒதுக்கிலும் உள்ள வீட்டை வாங்காதீர்கள், அந்த இடத்தில் கட்டவும் வேண்டாம்.

5. கட்டுவதானால்

கட்டுவதன் முதல் நன்மை, கமக்காரரின் வருமானத்தோடு அது ஒத்துப்போவது. எங்கள் கையில் பணம் மாதாமாதம் வருவதில்லை. பெரும்போக நெல் மாசி, பங்குனியில் வீடு வரும். சிறுபோகம் ஆவணியளவில் வரும். வீடு வாங்குவதற்கு உறுதி முடிக்கும் நாளில் முழுப் பணமும் மேசையில் இருக்க வேண்டும். கட்டுவதற்கு அப்படியல்ல. பெரும்போக அறுவடையோடு அத்திவாரம், வைகாசிக்குள் சுவர், ஆவணிக்குள் கூரை, ஐப்பசி மழைக்கு முன் ஓடு என்று பகுதி பகுதியாகச் செய்யலாம். மண் சுமப்பது, கல் அரிவது, தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகளைக் குடும்பமே செய்தால் கூலியும் மிஞ்சும். அயலவர்கள் நான்கு குடும்பமாகச் சேர்ந்து கைமாறி வேலை செய்தால் இன்னும் நல்லது.

ஆனால் கட்டுவதில் ஒரு பொறி உண்டு. அதுதான் அரைகுறை வீடு. பெரிய அத்திவாரம் போட்டு, சன்னல் மட்டத்தோடு நின்றுபோன வீடுகளை வடக்கின் எல்லாத் தெருக்களிலும் காணலாம். இந்திய அரசின் உதவியுடன் 2012 ஐப்பசியில் தொடங்கிய பயனாளிகளே கட்டும் வீட்டுத் திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்கு ரூபா 550,000 வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. வீட்டின் அளவு 550 சதுர அடியளவில் இருந்தது. கொடுத்த அளவோடு கட்டியவர்கள் குடிபுகுந்தார்கள். "ஒரு முறைதானே கட்டுகிறோம்" என்று விறாந்தையும் மேலதிக அறையும் சேர்த்தவர்களில் பலர் கடனாளியானார்கள். பாடம் இதுதான்: கூரை போடக் கூடிய அளவுக்கு மேல் அத்திவாரம் வெட்டாதீர்கள். ஒரு அறை, குசினி, மலசலகூடம் என்று தொடங்கி, பின்னர் நீட்டக்கூடியதாகத் திட்டமிடுங்கள்.

கல் கணக்கை மேசனிடம் மட்டும் விட்டுவிடாமல் நீங்களும் போட்டுப் பாருங்கள். 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் உள்ள சீமெந்துக் கல்லானால் 100 சதுர அடிச் சுவருக்கு ஏறத்தாழ 112 கல் வேண்டும். 22 அடிக்கு 25 அடி வீட்டின் சுற்றுச் சுவர் 94 அடி. 9 அடி உயரத்துக்கு 846 சதுர அடி. உட்சுவர் 40 அடியானால் 360 சதுர அடி. கூட்டினால் 1,206. கதவு சன்னலுக்கு 200 கழித்தால் ஆயிரம் சதுர அடியளவு. எனவே ஏறத்தாழ 1,120 கல்; உடைவையும் சேர்த்து 1,200 போதும். யாராவது 2,000 கல் கேட்டால் காரணம் கேட்க உங்களுக்கு இப்போது தெரியும்.

விலையேற்றமும் கட்டுபவரைத் தாக்கும். 50 கிலோ சீமெந்துப் பை 2021 இல் ஆயிரம் ரூபாவளவில் இருந்து 2022 நெருக்கடியில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. ஆகவே பணம் கையிலிருக்கும்போது பழுதாகாத பொருளை முதலில் வாங்குங்கள். கல், கம்பி, பழைய ஓடு, பழைய நிலை சன்னல் ஆகியன காத்திருக்கும். சீமெந்து காத்திராது, நிலத்து ஈரத்தில் சில மாதங்களில் கட்டியாகிவிடும்.

அனுமதிகளையும் மறக்க வேண்டாம். பிரதேச சபையின் கட்டட அனுமதி, மணலுக்கு அனுமதிப்பத்திரம், பனை தறிக்க அனுமதி ஆகியன வேண்டும். போர் நடந்த இடமானால், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியா என்று கிராம அலுவலரிடம் உறுதி செய்த பின்னரே அத்திவாரத்துக்கு மண்வெட்டியை எடுங்கள்.

6. ஒரு கணக்கு

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கையில் எட்டு இலட்சம் ரூபா உண்டு. அரை ஏக்கர் பெர்மிற் மேட்டுக் காணி உண்டு. அயலூரில் இரண்டு பரப்பு வளவோடு 600 சதுர அடிப் பழைய ஓட்டு வீடு இருபது இலட்சத்துக்கு வருகின்றது. (தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.)

வாங்கினால்:
வீட்டின் விலை – ரூபா 2,000,000
முத்திரை வரி (முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம்) – 79,000
நொத்தாரிசு, தோம்பு, அளவை – 60,000
கூரை திருத்தம் – 250,000
மலசலகூடம் – 150,000
கிணறு இறைத்துத் துப்புரவாக்கல் – 30,000
மொத்தம் – ரூபா 2,569,000

கட்டினால் (300 சதுர அடி, சதுர அடிக்கு 6,000 வீதம்):
வீடு – ரூபா 1,800,000
கிணறு – 300,000
மலசலகூடம் – 150,000
மின் இணைப்பு – 60,000
எதிர்பாராச் செலவுக்குப் பத்து வீதம் – 231,000
மொத்தம் – ரூபா 2,541,000

முத்திரை வரி வீதத்தை உறுதி எழுதும் நாளில் நொத்தாரிசிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இக்கணக்கு மூன்று விடயங்களைக் கற்பிக்கின்றது. முதலாவது, "இருபது இலட்சத்து வீடு" உண்மையில் இருபத்தைந்தரை இலட்சத்துக்கு மேற்பட்ட வீடு. இரண்டாவது, மொத்தச் செலவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வாங்கினால் இரட்டிப்பு அளவான வீடு கிடைக்கிறது. கட்டினால் சிறிய வீடும், எட்டுப் பரப்பு வளவில் மாட்டுக்கும் மரக்கறிக்கும் இடமும் மிஞ்சுகின்றன. எது பெரிது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். மூன்றாவதே முக்கியமானது: வாங்குவதற்கு உறுதி நாளிலேயே ரூபா 2,139,000 வேண்டும். கையிலுள்ள எட்டு இலட்சம் போக 1,339,000 கடன். வருட வட்டி 18 வீதமானால் வட்டி மட்டும் வருடத்துக்கு ரூபா 241,020. அது எத்தனை மூடை நெல் என்று உங்கள் சந்தை விலையால் பிரித்துப் பாருங்கள். ஒரு போகம் வரட்சியில் போனால் என்ன நடக்கும் என்றும் யோசியுங்கள். கட்டினால் எட்டு இலட்சத்துக்குள் நிற்கக்கூடிய ஒரு கட்டத்தோடு இந்த வருடம் நின்று, அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கலாம்.

வீட்டுக்காக வாராந்த நுண்கடன் எடுக்கவே வேண்டாம். வாராந்தம் கட்டும் கடன், போகத்துக்கு ஒரு முறை உழைக்கும் கமக்காரருக்குப் பொருந்தாது. 2018 இல் வரட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்ததை நினைவில் வையுங்கள். வயலை ஈடுவைத்து வீடு வாங்குவதும் ஆபத்து. வீடு சோறு போடாது, வயல்தான் போடும்.

7. எவருக்கு எது பொருந்தும்?

கட்டுவது பொருந்துவோர்: சொந்தப் பேரில் காணி உள்ளவர்கள், வேலை செய்யக்கூடிய ஆட்கள் வீட்டில் உள்ளவர்கள், ஒன்றிரண்டு வருடம் கொட்டிலில் பொறுத்திருக்கக் கூடியவர்கள், போகத்துக்குப் போகம் பணம் வருபவர்கள்.

வாங்குவது பொருந்துவோர்: காணி இல்லாதவர்கள்; முழுப் பணமும் கடனின்றிக் கையில் உள்ளவர்கள்; முதியோர், நோயாளர், சிறு பிள்ளைகளை மட்டும் கொண்ட குடும்பங்கள்; கட்டட வேலையை நின்று பார்க்க ஆள் இல்லாத, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள். கணவர் காணாமற்போன பெண்கள் வாங்கும்போது தங்கள் பேரிலேயே உறுதி எழுதுவிக்க வேண்டும். கணவரின் பேரிலுள்ள பழைய காணி அலுவல்களுக்கு, 2016 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் காணப்படாமைச் சான்றிதழ் பற்றிப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியும் உண்டு. நல்ல உரித்தும் நல்ல கிணறும் உள்ள வளவில் இடிந்த வீடு ஒன்று கிடைத்தால், அதைக் காணி விலைக்கு வாங்கி, நிற்கும் அத்திவாரத்தையும் ஓட்டையும் பயன்படுத்தித் திருத்திக் கட்டலாம். மேசன் அத்திவாரம் நல்லதென்று சொன்னால் இது இரண்டிலும் மலிவாக முடியக்கூடும்.

எந்த வழியானாலும் கணவன் மனைவி இருவரும் கணக்கை அறிந்திருக்க வேண்டும். இயன்றால் இருவர் பேரிலும் உறுதி இருக்கட்டும். வளர்ந்த பிள்ளைகளிடமும் கேளுங்கள். கடனும் வீடும் நாளை அவர்களிடம் வருபவை.

கலந்துரையாடலுக்கு

1. எமது குடும்பம் பத்து வருடத்தின் பின் எந்த ஊரில் இருக்கும்? இதில் எல்லோரும் ஒத்த கருத்துடன் இருக்கின்றோமா?
2. நாம் இப்போது இருக்கும் காணி உறுதிக் காணியா, பெர்மிற் காணியா? பத்திரம் யாரிடம் உள்ளது? பின்னுரித்தாளி பதியப்பட்டுள்ளாரா?
3. மேலே காட்டிய கணக்கை எமது ஊர் விலைகளைப் போட்டுச் செய்து பார்ப்போம். உறுதி நாளில் எவ்வளவு கடன் வரும்? வட்டி எத்தனை மூடை நெல்?
4. எமது கிராமத்தில் கூரையில்லாமல் நிற்கும் வீடுகள் எத்தனை? அவை ஏன் நின்றுபோயின? கிராம அபிவிருத்திச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து, கைமாறி வேலை செய்து, இந்த வருட மழைக்கு முன் ஒன்றையாவது கூரை மூடிக் கொடுக்க முடியுமா?

முதல் மூன்று வினாக்களுக்கும் விடையை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வீடு காட்ட வரும் தரகரோடு பேசும் நாளிலும், மேசனுக்கு முற்பணம் கொடுக்கும் நாளிலும் அந்தக் கொப்பி உங்கள் கையில் இருக்கட்டும்.